மடங்க மறுத்த முன்சீட்: ஒரு பழைய ஜிப்ஸியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும், அறுபதைக் கடந்த ஒரு விவசாயியின் வண்டியைப் பற்றியது இந்தப் பதிவு. வண்டி 1998ஆம் ஆண்டு பதிவான மாருதி ஜிப்ஸி; 1298 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் கொண்டது. ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைப் பக்கத்து மலையூர்களுக்கு ஏறிச் சாமையும் புளியும் வாங்கி வருவதற்கும், நிலத்து வேலைக்கு ஆட்களை அழைத்துச் செல்வதற்கும் அவர் இதையே நம்பியிருக்கிறார். மழைக்குப் பிறகு அந்தப் பாதைகளில் சாதாரணக் கார் ஏறாது என்பதால், இருபத்தைந்து வயதைக் கடந்த வண்டியை விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

இந்த வண்டிக்குப் பக்கக் கதவுகள் இரண்டே. பின்பக்கத்தில் எதிரெதிராக உட்காரும் பெஞ்சுகள் இருந்த இடத்தில், முன்நோக்கி உட்காரும் ஒரே நீள சீட்டை முந்தைய உரிமையாளர் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்திலும் அதைப் பதிந்திருந்தார். அந்த சீட்டின் முதுகு பின்கதவு வழியை அடைத்துவிட்டது. அதற்கும் பின்னால் மூட்டைகள் ஏறிவிடும். ஆகவே பின்னால் உட்காருகிற மூவரும் ஏறவும் இறங்கவும் ஒரே வழிதான் உண்டு: இடது முன்சீட்டின் சாய்வை, அதாவது முதுகு சாயும் பகுதியை, முன்னால் மடக்கி, சீட்டையும் அது ஓடும் ரெயிலில் முன்னே தள்ளியாக வேண்டும்.

2021 நவம்பரில் பாலாறும் அதன் கிளையாறுகளும் பெருக்கெடுத்தபோது, வண்டி நின்ற கொட்டகைக்குள் கதவுப் படி அளவுக்குத் தண்ணீர் நின்றது. எஞ்சின் தப்பியது. ஆனால் தரையில் ஒட்டியிருந்த சணல் விரிப்பை யாரும் எடுக்கவில்லை. மேலே காய்ந்துவிட்டதால் எல்லாம் காய்ந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். அடுத்த கோடைக்குள் இடது சீட்டின் அடியில் தகடு ஓட்டை விழுந்தது. அருகிலிருந்த ஒரு டிங்கர் கடையில் பழைய தகட்டின் மேலேயே புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். சீட் மடங்கச் சிரமப்பட்டது அதன் பிறகுதான் என்பதை உரிமையாளர் பின்னர், எங்கள் பட்டறையில் நாங்கள் துருவிக் கேட்டபோதுதான், நினைவுகூர்ந்தார்.

வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது 2023 தொடக்கத்தில். தனியார் வண்டிக்குப் பதிவு முதலில் 15 ஆண்டுக்கும், பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கும் செல்லும் என்பதால், அந்த ஆண்டு புதுப்பிப்புக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டியாக வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்துவிட்டதால், காட்டும்போது ஒரே முறையில் தேறிவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் சீட் கடைசி வரியில் இருந்தது.

வண்டி வந்தபோது கண்டவை

பக்கவாட்டு லீவரைத் தூக்கினால் சாய்வு தானாக முன்னால் சரிய வேண்டும். சாய்வைப் பல்லும் நாக்குமாகப் பிடித்துப் பூட்டும் ரெக்லைனர் என்ற அமைப்புக்குள் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் வேலையே அதுதான். இந்த வண்டியில் லீவரைத் தூக்கிய பிறகும் சாய்வு அசையவில்லை. ஒரு கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் சாய்வைத் தள்ளி, முழங்காலையும் கொடுத்தால் பாதி வரை வரும், அங்கே நின்றுவிடும். லீவர் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. வேலைக்கு வரும் ஒரு பெண்மணி, “இந்த சீட்டு மடங்கறதுக்குள்ள, நடந்தே போயிருந்தா ஊர் வந்திருக்கும் சார்” என்று சொன்னதாக உரிமையாளர் சிரித்துக்கொண்டே தெரிவித்தார்.

சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியைத் தூக்கி முன்னே தள்ளினால், வெளிப்பக்க ரெயில் விடுபட்டது, உள்பக்க ரெயில் விடுபடவில்லை. இரண்டு பூட்டும் ஒரே கம்பியில் இணைந்தவை. ஒன்று திறந்து மற்றொன்று திறக்காமல் இருந்தால் சீட் கோணலாகி இறுகிக்கொள்ளும். பல முறை எண்ணெய் தெளித்திருந்ததால், ரெயிலுக்குள்ளும் ரெக்லைனர் பல்லிலும் மலைப்பாதைப் புழுதி படிந்து, புளிக்கரைசல் போன்ற ஒரு பசையாக மாறியிருந்தது.

இவற்றைவிடக் கவலை தந்தது வேறொன்று. சாய்வை நிமிர்த்திப் பூட்டிய பின் பின்சீட்டிலிருந்து காலால் உதைத்துப் பார்த்தபோது, அது ஒரு பல் அளவு வழுக்கி மீண்டும் பிடித்தது. பூட்டுநாக்கு பல்லுக்குள் முழுமையாக இறங்காமல் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள். சடன் பிரேக் அடித்தால் பின்னால் இருப்பவரின் எடை முழுவதும் அந்தச் சாய்வின் மேல்தான் விழும். மடங்காத சீட் ஒரு தொல்லை. பூட்டாத சீட் ஓர் ஆபத்து. இந்த வண்டியில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. வேலை முடியும் வரை அந்த சீட்டில் யாரும் உட்காரக் கூடாது, பின்னாலும் ஆள் ஏற்றக் கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லி, வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டோம்.

ஏற்கப்படாத யோசனைகள்

வருவதற்கு முன்பே அவருக்கு இரண்டு யோசனைகள் கிடைத்திருந்தன. ரெக்லைனர் பல்லை லேசாகத் தேய்த்துவிட்டால் இலகுவாகிவிடும் என்பது முதலாவது. இதை எந்தப் பட்டறையும் செய்யக் கூடாது. அந்தப் பற்களும் நாக்கும்தான் சாய்வைத் தாங்குகின்றன. அரை மில்லிமீட்டர் தேய்த்தாலும் நாக்கு இறங்கும் ஆழம் குறைந்துவிடும். ஏற்கெனவே விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்த பூட்டைத் தேய்ப்பது அதைக் கழற்றிவிடுவதற்குச் சமம்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சீட் வாங்கி மாற்றிவிடலாம் என்பது இரண்டாவது. இது அவ்வளவு தவறான யோசனை அல்ல. பல வண்டிகளில் அதுவே சிக்கனமும்கூட. ஆனால் புது சீட்டும் அதே தரையில், அதே நான்கு போல்ட்டில்தான் உட்காரப்போகிறது. கோளாறு சீட்டிலா தரையிலா என்று தெரியாமல் சீட்டை மாற்றினால், பணம் போன பிறகே விடை தெரியும். ஆகவே முதலில் காரணத்தைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

காரணங்களைப் பிரித்த விதம்

பழைய பேப்பர்க் கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டோம். சாய்வின் மேல்முனையில் கயிறு கட்டி, ஒருவர் லீவரைத் தூக்கிப் பிடிக்க, மற்றொருவர் தராசை முன்பக்கமாக இழுத்து, சாய்வு அசையத் தொடங்கும் அளவைக் குறித்தோம். துல்லியமான கருவி அல்ல. ஆனால் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதற்கு அது தாராளமாகப் போதும். “கொஞ்சம் லேசாகியிருக்கிறது” என்று கை சொல்வதை நம்புவதைவிட இது மேல்.

வண்டி வந்த நிலையில் தராசு 19 கிலோ காட்டியது.

முதலில் மேலுறையைக் கழற்றினோம். சில மாதங்களுக்கு முன்பு ஒரு குஷன் கடையில் புது ரெக்ஸின் தைத்தபோது, இடுப்புக்கு இதமாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஓர் அடுக்கு ஃபோமும் வைத்திருந்தார்கள். உட்காரும் பகுதியும் சாய்வும் சந்திக்கும் மடிப்பில் அந்த ஃபோம் பிதுங்கி, மடங்கும்போது நடுவில் ஆப்பு வைத்ததுபோல் நின்றது. பாதி வழியில் சாய்வு நின்றுபோனதற்கு இதுதான் காரணம். வேலூர் வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடந்து ரெக்ஸினும் விறைத்திருந்தது. உறையை எடுத்ததும் 15 கிலோவாகக் குறைந்தது.

அடுத்து, சீட்டைத் தரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளையும் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தினோம். அப்போதே உள்பக்க ரெயில் ‘டக்’ என்ற ஒலியோடு சற்று விலகி உட்கார்ந்தது. தராசு 9 கிலோவுக்கு இறங்கியது. கம்பியைத் தூக்கியபோது இரண்டு பூட்டும் ஒன்றாகவே விடுபட்டன. சீட்டின் பாகம் எதையும் தொடாமல், தரையின் பிடியை மட்டும் விலக்கியதற்கே இவ்வளவு வேறுபாடு. கோளாறில் ஒரு பெரிய பங்கு தரையில் இருக்கிறது என்பது அந்த இடத்தில் உறுதியாயிற்று.

இதற்கான காரணம் எளிது. இந்த சீட்டில் ரெக்லைனர் கதவுப் பக்கத்தில் மட்டுமே உண்டு. உள்பக்கத்தில் இருப்பது வெறும் சுழல் முளை. இரண்டின் மையமும் ஒரே கோட்டில் இருந்தால்தான் சாய்வு சுழலும். கதவில் ஒரு கீல் நேராகவும் மற்றொன்று சாய்வாகவும் இருந்தால் கதவு எப்படித் திறக்காதோ, அதே கணக்குதான் இங்கேயும். தரை முறுக்கினால் ரெயில் முறுக்கும், ரெயில் முறுக்கினால் சீட்டின் சட்டம் முறுக்கும், சட்டம் முறுக்கினால் இரு மையங்களும் விலகும். ரெக்லைனர் பூட்டுநாக்கு பல்லில் நேராக இறங்காமல் விளிம்பில் தொற்றியதும் இதனால்தான்.

சீட்டை வெளியே எடுத்துத் தரையின் நான்கு துளைகளையும் அளந்தோம். இரு ரெயிலுக்கும் இடைப்பட்ட தூரம் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் 6 மி.மீ. குறைவாக இருந்தது. நீளமான நேர்ப்பட்டையைத் துளைகளின் மேல் குறுக்காக வைத்தபோது, பின்-உள் மூலை மற்ற மூன்றையும்விட 4 மி.மீ. உயர்ந்திருப்பது தெரிந்தது. பழைய தகட்டின் மேல் புதுத் தகடும், அதன் மேல் வெல்டிங் திட்டும் ஏறிய உயரம் அது. ஒரே பக்கமாகத் தொடர்ந்து வெல்டிங் அடித்ததில் சூடு தகட்டை இழுத்து, துளை வெளிப்பக்க ரெயிலை நோக்கி நகர்ந்திருக்கிறது. துளை பொருந்தாததால் போல்ட்டை நெம்பித்தான் ஏற்றியிருக்கிறார்கள்; மரையில் அதன் தழும்பு இருந்தது.

மீதி 9 கிலோவுக்குக் காரணம் சீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சமதளமான மேசையில் வைத்துப் பார்த்தபோது உள்பக்கச் சுழல் முளையின் போல்ட் மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. அந்த இடத்துக்கு உரியது தோள்பட்டை போல்ட். அதாவது தலைக்குக் கீழே மரை இல்லாத வழவழப்பான தடித்த பகுதி இருக்கும், சாய்வின் காது, அதாவது போல்ட் நுழையும் துளையுள்ள பகுதி, அதன் மேல் சுழலும், மரைப்பகுதியை எவ்வளவு முறுக்கினாலும் காது இறுகாது. அதன் இடத்தில் யாரோ தலைவரை மரையுள்ள சாதாரண போல்ட்டைப் போட்டு, ஆடாமல் இருக்க நன்றாக முறுக்கியும் விட்டிருந்தார்கள். சுழல வேண்டிய காது இரண்டு தகடுகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது. தளர்த்தினால் சாய்வு ஆடும், முறுக்கினால் மடங்காது.

தரை வேலை

உரிமையாளரிடம் கணக்கைச் சொன்னோம்: தரையைச் சரிசெய்யும் டிங்கர் கூலி, பழைய சீட் ஒன்றின் விலையைவிட அதிகமாகும். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். தரை அந்த நிலையில் இருந்தால் ஆர்.டி.ஓ.வில் கேள்வி வரும் என்பதும் அவர் முடிவுக்கு ஒரு காரணம்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, விரிப்பு முழுவதையும் அகற்றி, தகட்டின் அடியில் செல்லும் ஒயர்களையும் குழாய்களையும் பார்த்து ஒதுக்கிய பிறகே வெட்டத் தொடங்கினோம். மேலே ஒட்டிய தகட்டை எடுத்ததும், அதற்கும் பழைய தகட்டுக்கும் நடுவே துரு பொரிப்பொரியாக உதிர்ந்தது. இரண்டு தகடுகளுக்கு இடையில் சிக்கும் ஈரம் வெளியேற வழியில்லாததால், இவ்வாறு ஒட்டுப் போட்ட இடம் திறந்த ஓட்டையைவிட விரைவாக அரிக்கும். குறுக்குச் சட்டம் நல்ல நிலையில் இருந்தது பெரிய ஆறுதல். பின்-உள் மூலையில் மட்டும் அதன் உதடு அரித்திருந்தது.

துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 18 கேஜ் தகட்டை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தினோம், மேலடுக்காக வைக்கவில்லை. போல்ட் துளையின் அடியில் சுமை பரவுவதற்காக 3 மி.மீ. தடிப்பில் உள்ளங்கை அளவுத் தகடு ஒன்று வைத்து, நட்டை அதோடு சேர்த்து வெல்டிங் செய்தோம்.

இந்த வேலையின் உயிர்நாடி வெல்டிங்குக்கு முந்தைய ஏற்பாட்டில் இருக்கிறது. வலது சீட்டின் ரெயில் அளவையும் சீட்டின் அடிச்சட்டத்தையும் ஒப்பிட்டு, பட்டை இரும்பில் நான்கு துளையுள்ள ஓர் அளவுச் சட்டம் செய்துகொண்டோம். அதை நான்கு நட்டுகளிலும் போல்ட் போட்டு இறுக்கிய நிலையிலேயே வெல்டிங் நடந்தது. முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, பிறகு எதிரெதிர் மூலைகளில் சிறிது சிறிதாக அடித்து, ஆறவிட்டு மீண்டும் அடித்தோம். சட்டத்தைக் கழற்றிய பின் நான்கு மூலையும் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றன. சீட் பெல்ட் கொக்கியின் பிடிமானம் பக்கத்திலேயே இருந்ததால் அதையும் கழற்றிச் சோதித்து, துரு இல்லை என்று உறுதிசெய்தோம். ரெட் ஆக்சைடு, இணைப்புகளுக்குச் சீலர், அடியில் அண்டர் கோட்டிங் ஆகியவை வழக்கம்போல்.

சீட் வேலை

ரெக்லைனரைத் திறக்கும் முன் சாய்வை முழுவதுமாக முன்னால் மடக்கிவிட வேண்டும். சுருள் ஸ்பிரிங்கின் இழுவிசை அந்த நிலையில்தான் மிகக் குறைவு. நிமிர்ந்த நிலையில் ஸ்பிரிங்கின் முனையை விடுவித்தால் விரலைப் பதம் பார்த்துவிடும். பசையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தபின் பற்களைப் பார்த்தோம். முனை மழுங்கவில்லை, நாக்கும் நேராகவே இருந்தது. ஆகவே எதையும் மாற்றவில்லை. வளைந்த லீவர் மட்டும் நேராக்கப்பட்டது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மலைப்பாதைப் புழுதியில் ஓடும் வண்டிக்குத் தெளிப்பு எண்ணெய் இரண்டு வாரத்துக்கு இதமாக இருக்கும், பிறகு அதுவே புழுதியைச் சேர்த்துப் பசையாக்கும். ரெயிலின் உருண்டைகளுக்கும் சுழல் முளைக்கும் லித்தியம் கிரீஸை மெல்லிய பூச்சாக வைத்தோம். வெளியே திறந்திருக்கும் பற்களுக்குப் பூட்டுக்காரர்கள் பயன்படுத்தும் கிராஃபைட் தூளை மட்டும் போட்டோம்.

புதுப்பேட்டை யோசனை இங்கேதான் பயன்பட்டது. சீட் வாங்கவில்லை, அதே வகைப் பழைய சீட் ஒன்றிலிருந்து அந்தத் தோள்பட்டை போல்ட்டை மட்டும் வாங்கி வரச் சொன்னோம். அதைப் போட்டு முறுக்கியதும் சாய்வு ஆட்டமின்றியும் இறுக்கமின்றியும் நின்றது. தரைக்கு 8.8 முத்திரையுள்ள புது போல்ட்டுகளைப் போட்டோம்; அந்த எண்ணின் பொருள், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்கும், அதில் 80 விழுக்காடு வரை நிரந்தரமாக நீளாது என்பது. முத்திரையில்லாத கடைத்தெரு போல்ட்டை சீட்டுக்குப் போடுவதில்லை என்பது எங்கள் பட்டறையின் வழக்கம். நான்கையும் விரலால் ஏற்றி, சீட்டை முன்னும் பின்னும் சில முறை ஓட்டி ரெயில்கள் தாமாக இடம் பிடித்த பிறகே குறுக்குக் குறுக்காக முறுக்கினோம்.

கூடுதல் ஃபோமைக் குஷன் கடைக்காரரிடமே கொடுத்து, மடிப்பு விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குச் சீவி எடுக்கச் செய்தோம். இடுப்பு வலி உரிமையாளருக்கு உண்மையாகவே இருந்ததால் மற்ற இடத்தில் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பின்விளைவு

லீவரைத் தூக்கியதும் சாய்வு தானாகவே முன்னால் வந்தது, தராசு தேவைப்படவில்லை. நிமிர்த்திப் பூட்டியபின் பின்சீட்டிலிருந்து இருவர் சேர்ந்து உதைத்தும் வழுக்கவில்லை. நாக்கு முழுமையாக இறங்கிய நிலையில் லீவரின் நிலையைச் சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடாகக் குறித்துக் கொடுத்தோம். லீவர் அந்தக் கோட்டுக்கு வரவில்லை என்றால் பூட்டு விழவில்லை என்று ஓட்டுபவர் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். பதிவுப் புதுப்பிப்பு தடையின்றி முடிந்தது.

ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்து வண்டி சர்வீஸுக்கு வந்தபோது இடது சீட்டின் இயக்கத்தில் மாற்றமில்லை. கிராஃபைட் தூள் பெரும்பாலும் உதிர்ந்திருந்ததால் மீண்டும் போட வேண்டியிருந்தது. வலது சீட் அப்படி இல்லை. செலவு கருதி அதற்குச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது மட்டும் போதும் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். மழைக்குப் பிறகு அது சற்றே இறுகியிருந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்ததில் அங்கேயும் தகட்டில் கொப்புளம் கிளம்பத் தொடங்கியிருந்தது.

இதே வண்டி இன்று வந்தால்

சோதனை வரிசையைச் சற்று மாற்றுவோம். போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகாது, உறையைக் கழற்றித் திரும்ப மாட்டுவதற்கோ அரை நாள் போகும். ஆகவே தளர்த்திப் பார்ப்பதே முதலில் வர வேண்டும். மடங்காத சீட்டோடு வரும் எந்த வண்டியிலும், தரையில் எப்போதாவது டிங்கர் வேலை நடந்ததா என்ற கேள்வியும் வாசலிலேயே கேட்கப்படும். உரிமையாளர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் சீட் வேறு, தரை வேறு.

ஒட்டிய சணல் விரிப்பைத் திரும்பப் போட வேண்டாம் என்று சொல்லி, கையால் தூக்கி வெயிலில் உலர்த்தக்கூடிய ரப்பர் மேட்டை இரு பக்கமும் போடச் செய்துவிட்டோம். தரையில் நீர் வடியும் துளைகளின் ரப்பர் மூடிகளை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்குமாறும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர் அதைச் செய்கிறாரா என்பது அடுத்த சர்வீஸில் தெரியும். வலது பக்கத் தரையை 2028 புதுப்பிப்பு வரை தள்ளிப்போடாமல், இந்த ஆண்டு மாங்காய் அறுவடை முடிந்ததும் வெட்டிச் செய்துவிட வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். இடது பக்கத்துக்குச் செய்த அளவுச் சட்டமே அதற்கும் பொருந்தும்.